சிவப்புப் பயறு நுழையாத வீடு

மனைவியை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள் மான்ஹோ செய்த முதல் காரியம், வீட்டில் இருந்த சிவப்புப் பயறு அத்தனையையும் தூக்கிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்ததுதான். மூட்டையில் இருந்தது, ஜாடியில் இருந்தது, அவள் ஊறப்போட்டு மறந்து முளைவிட்டுக் கிடந்தது, எல்லாம் போயிற்று. கடைசியில் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு தரையில் குப்புறப் படுத்து, அலமாரிக்கு அடியில் உருண்டு கிடந்த மணிகளைக்கூட ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். துக்கத்துக்கு வந்து தங்கியிருந்த மகள் யோன்சில், அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்துபோய்ப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பக்கத்து வீட்டு யோங்கு அம்மாவுக்குக் கை கொள்ளவில்லை.

"இம்புட்டும் எனக்கா அண்ணே? வருஷம் பூரா வருமே!"

"வச்சுக்கம்மா. எனக்கு ஆகாது."

"என்ன, வயித்துக்கா?"

"ஆமா. வயித்துக்குத்தான்."

சுத்தப் பொய். கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு அது. எங்கள் ஊர் போல்கியோ டவுன் பஸ்ஸைத் தலை நரைக்கும்வரை ஓட்டி, நேரம் கெட்ட நேரத்தில் கிடைத்ததைத் தின்று பழகிய வயிறு. அதற்கு ஆகாதது என்று ஒன்று இந்த உலகத்தில் கிடையாது.

சங்கதி வேறு. எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் இது தெரியும்: சிவப்புப் பயறு இருக்கிற இடத்தில் ஆவி நிற்காது. அந்த நிறத்தைக் கண்டாலே ஓடிவிடும். அதனால்தான் வருஷத்திலேயே பகல் மிகக் குறுகிய நாளான தோங்ஜி அன்று, வீட்டுக்கு வீடு அந்தப் பயற்றில் கஞ்சி காய்ச்சி, வாயில் வைப்பதற்கு முன்னால் வாசல் நிலையிலும் மதிலிலும் தெளிக்கிறோம். அதனால்தான் செத்தவர்களுக்கு வைக்கிற வருஷப் படையலில் அதைச் சேர்ப்பதில்லை. சேர்த்தால், யாருக்காகப் படைத்தோமோ அவரே வாசலோடு திரும்பிப் போய்விடுவார். கெட்டது அண்டாமல் இருக்கத்தான் தெளிக்கிறோம், சரி. ஆனால் நல்ல ஆவி எது, கெட்ட ஆவி எது என்று பயற்றுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியுமா? மான்ஹோவின் கவலை அதுதான். செத்துப்போன மனைவி ஒக்புன் வீடு தேடி வந்து, பயற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டால்?

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், ஒக்புன் பிழைத்ததே சிவப்புப் பயற்றில்தான். ஐந்து நாளுக்கொரு முறை கூடும் எங்கள் சந்தையில், மீன் வரிசை முடிந்து விதை வரிசை தொடங்குகிற முக்கில் அவளுடைய கஞ்சிக்கடை. பெயர்ப்பலகை கிடையாது. எதற்குப் பலகை? ஆவி பறக்கிற அண்டாவும், அதற்குப் பின்னால் வியர்த்துப்போன அவள் முகமும்தான் அடையாளம். பயற்றை ஒரு கொதி விட்டு முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி வேகவைத்து, மசித்து, தோலை வடிகட்டி, அரிசிமாவு உருண்டைகளைப் போட்டுக் கொதிக்க விடுவாள். கையெடுக்காமல் கிண்டிக்கொண்டே இருப்பாள். அவள் தலைமுடியிலேயே வெந்த பயற்றின் வாசம் ஊறிப் போயிருந்தது.

மான்ஹோ எங்கள் ஊர்க்காரர் அல்லர். ஆற்றுக்கு அந்தப் பக்கம், கிழக்குச் சீமைக்காரர். பஸ் கம்பெனி வேலைக்கு வந்தவர். முதல் தடவை அந்தக் கடையில் உட்கார்ந்து கஞ்சி வாங்கி, உப்பு கேட்டார். சந்தையே திரும்பிப் பார்த்தது. நாங்கள் சிவப்புப் பயற்றுக் கஞ்சிக்குச் சர்க்கரை போட்டுக்கொள்கிறவர்கள்.

"உப்பா? கஞ்சியா குடிக்க வந்தீங்க, இல்ல மீன் ஊறப்போட வந்தீங்களா?" என்றாள் ஒக்புன்.

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மான்ஹோவுக்குக் காது சிவந்துவிட்டது. இருந்தும் அடுத்த சந்தைக்கு வந்தார். அதற்கடுத்த சந்தைக்கும் வந்தார். சில மாதம் கழித்துப் பார்த்தால், பெஞ்சின் கடைசியில் ஒரு சின்னக் கிண்ணத்தில் உப்பு உட்கார்ந்திருந்தது. அது யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. அந்த வசந்தத்திலேயே கல்யாணம் ஆகிவிட்டது. அவள் வீட்டில் யாருக்கும் இஷ்டமில்லை. அவர் வீட்டிலிருந்து யாரும் வரவே இல்லை.

இவ்வளவு வருஷமாகியும் தெருவில் அவருக்கு "உப்புக்காரர்" என்றுதான் பெயர். கேலியாகத்தான் சொல்வோம், பகையாக அல்ல. ஆனால் ஒன்று உண்மை. அவருக்கு இந்த ஊரில் சொந்தம் என்று இருந்தது ஒக்புன் ஒருத்திதான். தெருவில் நாலு பேர் அவரோடு நின்று பேசினார்கள் என்றால் அது அவளுடைய புருஷன் என்பதற்காக. அவள் போனபிறகு எல்லோரும் தலையசைத்து வணக்கம் சொன்னார்கள்; நின்று பேசத்தான் யாருக்கும் ஒன்றும் அகப்படவில்லை.

அவள் போய், பனி உருகத் தொடங்கிய ஒரு காலையில்தான் அது நடந்தது. கல்யாணமான நாளிலிருந்து மான்ஹோ அலாரம் வைத்து எழுந்தவரில்லை. அடுப்பில் பானை மூடி கொதியில் தடதடவென்று ஆடுகிற சத்தம்தான் அவரை எழுப்பும். அன்று அரைத்தூக்கத்தில் அதே சத்தம் கேட்டது. மூடி ஆடியது. பிறகு யாரோ அதைக் கொஞ்சம் நகர்த்தி வைத்ததுபோல் நின்றது. எழுந்து ஓடினார். அடுப்பு ஜில்லென்று கிடந்தது. பானை கவிழ்த்தபடியே இருந்தது.

கேட்டது கேட்டதுதான். கனவென்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பார்; அதனால் யாரிடமும் சொல்லவில்லை. "வந்துட்டியா?" என்று மட்டும் காலி அடுப்பங்கரையைப் பார்த்துக் கேட்டார். ஆக, ஒக்புன் வீட்டில்தான் இருக்கிறாள். இனி அவள் போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மிச்சமிருக்கிற வாழ்க்கைக்கு அவருக்கு இருந்த ஒரே வேலை அதுதான்.

அவள் இருந்தவரை சமையலறையில் தண்ணீர் குடிக்கக்கூட அவர் நுழைந்ததில்லை. இப்போது நுழைந்தார். பயறு வேகிற வாசம் இல்லாத வீட்டை ஒக்புன் தன் வீடென்று எப்படி நம்புவாள்? சிவப்பு ஆகாது என்றால் போகட்டும், உலகத்தில் வேறு பயறா இல்லை? சோயா இருக்கிறது, கறுப்பு சோயா இருக்கிறது, பச்சைப்பயறு இருக்கிறது, பட்டாணி இருக்கிறது.

முதல் நாள் சோயாவை ஊறப்போடாமலே அடுப்பில் ஏற்றினார். காலையெல்லாம் கொதித்தும் கூழாங்கல் மாதிரி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் தடவை ஊறப்போட்டார். நுரை பொங்கி வழிந்து அடுப்பையே அணைத்துவிட்டது. பிறகு ஊறிய சோயாவை அரைத்து, புளித்த முட்டைக்கோஸ் கிம்ச்சியும் பன்றிக்கறித் துண்டும் போட்டு, ஒரு கெட்டி சூப்பைக் காய்ச்சக் கிளம்பினார். அதில் ஒரு வில்லங்கம் உண்டு. கிளறினால் திரிந்துபோகும். கிளறாவிட்டால் அடிப்பிடிக்கும். தீயை எங்கே வைப்பதென்று தெரிந்திருக்க வேண்டும். அவருக்கு கியர் தெரியும், பிரேக் தெரியும், தீ தெரியவில்லை. தெரு முழுக்கக் கருகல் வாசம்.

மதிலுக்கு மேலே யோங்கு அம்மாவின் தலை முளைத்தது.

"அண்ணே, வீட்டக் கொளுத்துறதா இருந்தா முன்னாடியே சொல்லுங்க. துணி காயப் போட்டிருக்கேன்."

"சோயாம்மா. அடிப்பிடிச்சிருச்சு."

"பிடிக்காம? பஸ்ஸுக்குக் கொடுக்கிற மாதிரி முழுசா மிதிச்சா? தீயக் கொறைங்க. இன்னும். இன்னும். அட, அணைக்காதீங்க!"

யோங்கு அம்மா சேற்றில் சிப்பி பொறுக்கி விற்கிறவள். எங்கள் தெருவிலேயே பெரிய தொண்டை அவளுக்குத்தான். புருஷன் கடலுக்குப் போனவன் போனவன்தான். படகு திரும்பி வந்தது, ஆள் வரவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை. பையன் யோங்குவைத் தனியாளாக வளர்த்துக் கப்பல் பட்டறை வேலைக்கு அனுப்பினாள். அழுது யாரும் பார்த்ததில்லை. கல் நெஞ்சுக்காரி என்று சிலர் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்கிற தைரியம் யாருக்கும் இல்லை.

அப்படிக் கருகிக் கருகித்தான் கை பழகியது. கோடை வருவதற்குள் மான்ஹோவின் அடுப்பில் கெட்டியான, வயிறு நிறைக்கிற சூப்புகள் வரிசைகட்டின. புதுப் பட்டாணியை உருளைக்கிழங்கோடு குழைய வேகவைத்து, யோங்கு அம்மா கொடுத்த சிப்பியை வேகவைத்த தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவிட்டார். நெத்திலிச் சாறில் கறுப்பு சோயா போட்டார். மழை நாளில் பச்சைப்பயற்றுக் கஞ்சி. நன்றாக வந்ததை ஒரு கிண்ணம் மதிலுக்கு மேலே நீட்டினால், யோங்கு அம்மா அங்கேயே நின்று குடித்துவிட்டு, "ம், மனுசன் குடிக்கலாம்" என்பாள். அதுதான் அவள் வாயிலிருந்து வரக்கூடிய பெரிய பாராட்டு.

எப்போதும் இரண்டு கிண்ணம் எடுத்து வைப்பார். எதிரே இருப்பதற்கு ஒரு கரண்டி கூடுதலாகவே ஊற்றுவார். "இன்னைக்குக் கொஞ்சம் தண்ணியாப் போச்சு, கோவிச்சுக்காத," என்பார். தன்னுடையதைக் குடித்து முடித்து, கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, ஆறிப்போன எதிர்க் கிண்ணத்தையும் இழுத்து வைத்துக் குடிப்பார். அந்த இரண்டாம் கிண்ணம் இருக்கிறதே, அதைக் குடிக்கிறபோதுதான் வீடு எவ்வளவு பெரியது என்று தெரியும். இரண்டே அறை வீடு அது.

அவ்வப்போது ராஜ்மா ஆசை வரும். ஆனால் அதிலும் சிவப்பு இருக்கிறதே! சந்தைக்குப் போய் விதைக்காரரிடம் கேட்டார்.

"ஏம்ப்பா, இதுவும் ஆவிய விரட்டுமா?"

"இதுவா? ஆவி கீவியெல்லாம் இதுக்கு அசையாது. இது பக்கத்துல படுத்திருக்கிற பொண்டாட்டியத்தான் விரட்டும்!" என்று விதைக்காரர் தன் நகைச்சுவைக்குத் தானே தொடையைத் தட்டிச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே யாரிடம் சொன்னோம் என்பது உறைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு, கேட்டதைவிட இரண்டு பிடி அதிகமாக அள்ளிப் பையில் போட்டார். மான்ஹோ வாங்கிக்கொண்டு வந்தார். வீட்டு வாசலுக்கு வெளியே உட்கார்ந்து சிவந்ததையெல்லாம் பொறுக்கி எடுத்துத் தள்ளிவிட்டு, வெளுத்ததை மட்டும் உள்ளே கொண்டுபோனார். எதற்கு வம்பு?

மகள் யோன்சில் பூசானிலிருந்து போன் செய்துகொண்டே இருந்தாள்.

"அப்பா, குளிர் வர்றதுக்குள்ள இங்க வந்துருங்க. ரூம் ஒழிச்சு வச்சிருக்கேன். அந்த வீட்ட வித்துரலாம்."

"இங்க எனக்கென்ன கொறைச்சல்?"

"தனியா கெடக்கிறீங்களே! அங்க யாருப்பா இருக்கா உங்களுக்கு?"

உங்கம்மா இருக்கிறாள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"பட்டாணி அடுப்புல இருக்கு. அடிப்பிடிச்சிரும். வைக்கிறேன்."

வராத மனுஷனுக்கு மகள் என்ன செய்வாள்? பார்சல் அனுப்பினாள். ஒரு நாள் பார்சலைப் பிரித்தால் உள்ளே பன். உள்ளே பூரணம் வைத்த, சிவப்புப் பயற்றுப் பூரணம் வைத்த, அவருக்கு உயிரான பன். மான்ஹோ நெருப்பைத் தொட்டவர் மாதிரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். ஓடியவர் தெருவில் நின்று யோசித்தார். எறிய மனசு வரவில்லை. பிள்ளை அனுப்பியது. தவிர, வாசம் மூக்கைத் துளைத்தது. சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, குளிர்காற்றில் மதிலோரமாகக் குந்தி உட்கார்ந்து, திருடனைப்போல ஒவ்வொன்றாகத் தின்றார். தின்று முடித்துத் தெருக்குழாயில் மூன்று தரம் வாய் கொப்புளித்தார். சட்டையை உதறினார். அப்புறம்தான் உள்ளே போனார்.

யோங்கு அம்மா சேற்றிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தவள், கூடையோடு அசையாமல் நின்று இதை முழுவதும் பார்த்தாள். வயிற்றுக்கு ஆகாதென்ற மனுஷர் அல்லவா! என்னவோ கேட்க வாயெடுத்தாள். ஆச்சரியமாக, கேட்காமலே போய்விட்டாள்.

தோங்ஜி வந்தது.

காலையிலிருந்தே தெரு முழுக்கச் சிவப்புப் பயற்று வாசம். கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தாலும் எந்த வீட்டில் எந்தப் பதத்தில் கொதிக்கிறது என்று சொல்லிவிடலாம். மான்ஹோ ஜன்னலை அடைத்தார். வாசல் கதவைத் தாழ்போட்டார். அதற்குப் பின்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். எங்கள் தெருவில் தோங்ஜிக் கஞ்சியை அவரவர் வாசலோடு நிறுத்துகிற வழக்கமில்லை. பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துத் தெளித்துவிட்டுப் போவார்கள். அதுவும் சாவு விழுந்த வீடென்றால் கேட்கவே வேண்டாம். எல்லாம் நல்லெண்ணம்தான். அந்த நல்லெண்ணத்துக்குத்தான் அவர் காவல் இருந்தார்.

மத்தியானம் சாய்கிற நேரத்துக்குக் கதவு இடிபட்டது.

"அண்ணே! கதவத் தொறங்க! கை சுடுது!"

"எனக்கு வேணாம்மா இந்த வருஷம்."

"என்னது, வேணாமா? கஞ்சி குடிக்கலன்னா வயசு ஏறாதுன்னு பாக்கிறீங்களா? வயசுக்கு ஒண்ணா உங்களுக்கு உருண்டை எண்ணிப் போட்டுக் கையே ஓஞ்சு போச்சு எனக்கு!"

"எடுத்துட்டுப் போம்மா."

"சரி, குடிக்க வேணாம். தெளிச்சுட்டாவது போறேன். மொத வருஷம் தெளிக்காம விடுவாங்களா? அக்கா இருந்திருந்தா இந்நேரம் தெரு முழுக்கத் தெளிச்சு முடிச்சிருக்கும்."

பானை கீழே வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. தெளிக்கிற பைன் இலைக் கொத்து கஞ்சிக்குள் முங்கி எழுகிற சத்தமும் கேட்டது. மான்ஹோ துள்ளியெழுந்து, தாழை இழுத்து, கதவைத் திறந்துகொண்டு பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். கொத்திலிருந்த கஞ்சி அவர் கை மேலேயே சுடச்சுட வழிந்தது. விடவில்லை.

"தெளிக்காத! அவ உள்ள இருக்கா!"

கத்திவிட்டார். ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லாததைத் தெருவுக்கே கேட்கும்படி கத்திவிட்டார். எதிர்வீட்டில் ஒரு ஜன்னல் திறந்து, மெதுவாக மூடிக்கொண்டது. கை எரிந்தது, அதைவிட முகம் எரிந்தது. இப்போது இவள் சிரிப்பாள். நாளைக்குச் சந்தை முழுக்கச் சிரிக்கும். சிரிக்கட்டும் என்று நின்றார்.

யோங்கு அம்மா சிரிக்கவில்லை. கொத்தைப் பானையில் வைத்தாள். இடுப்பில் செருகியிருந்த கைத்துணியை எடுத்து அவர் கையைத் துடைத்துவிட்டாள்.

"எப்பலேர்ந்து?" என்றாள்.

"பனி உருகுனப்பலேர்ந்து."

"அக்கா வரணும்னுதான் பயறெல்லாம் எனக்குக் கொடுத்தீங்களா? அதான் அன்னைக்கு வெளிய குந்தி பன்னு தின்னீங்களா?"

அவர் தலையாட்டினார். அவள் மதிலில் சாய்ந்துகொண்டாள். அந்தப் பெரிய தொண்டைக்குள் இவ்வளவு சின்னக் குரல் இருந்ததென்று எங்களில் யாருக்கும் தெரியாது.

"அஞ்சாறு வருஷம் நானும் தெளிக்கல அண்ணே."

"நீயா? தெருவுலயே உன் வாசல்தானே சுவரே தெரியாம செவந்து கெடக்கும்!"

"அது இப்ப. அந்த மனுசன் போன புதுசுல ஒரு சொட்டு தெளிக்கல. உடம்புதான் கெடைக்கல, ஆவியாவது வரட்டும்னு. யாருக்கும் தெரியாது. ஒக்புன் அக்காவுக்கு மட்டும் தெரியும். நான் சொல்லல. பானையோட வந்துச்சு, என் மூஞ்சியப் பாத்துச்சு. கிண்ணத்த மதிலுக்கு மேல நீட்டிட்டு, என் வாசல விட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருச்சு. அந்த அஞ்சாறு வருஷமும் அப்பிடித்தான்."

ஒக்புன் இதைத் தன் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. ஒரே தட்டில் தின்று, ஒரே பாயில் படுத்து, இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்புறம் மான்ஹோ கேட்க வேண்டியதைக் கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"வந்தாரா?"

"வரல."

"ஒரு நாள்கூடவா?"

"ஒரு நாள்கூட இல்ல. கதவ ஒருக்களிச்சே வச்சிருந்தேன். சோறு எடுத்து வச்சேன். செருப்பக் கழுவி வாசல்ல வச்சேன். வரல அண்ணே."

"அப்ப ஏன் இப்ப மட்டும் இப்பிடித் தெளிக்கிற?"

யோங்கு அம்மா மூக்கைச் சிந்திப் போட்டாள்.

"தெளிச்சா, தெளிச்சதாலதான் வரலன்னு நெனச்சுக்கலாம்ல."

சிப்பி விலையைச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுக் குனிந்து, பானையை அவர் காலடிக்கு நகர்த்தி வைத்தாள்.

"தெளிக்கிறதும் விடுறதும் உங்க இஷ்டம். உங்க வாசல்ல நான் தெளிக்க மாட்டேன். கஞ்சிய மட்டும் ஆறவிட்றாதீங்க, ஆடை கட்டிக்கும்."

போய்விட்டாள். அவள் வீட்டுக் கதவு சாத்தப்பட்டது.

மான்ஹோ பானையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பனி உருகிய அந்தக் காலைக்குப் பிறகு மூடிச் சத்தம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் இல்லை. வசந்தத்தில் கேட்காதபோது, கருகல் வாசத்தில் கோபித்துக்கொண்டாள் என்றார். கோடையில் கேட்காதபோது, புழுக்கம் தாங்காமல் அம்மா வீட்டுப் பக்கம் போயிருப்பாள் என்றார். பன் தின்ற நாளுக்கப்புறம் சட்டையில் ஒட்டிய வாசம்தான் காரணம் என்றார். சொல்லச் சொல்லக் காரணம் தீர்ந்துகொண்டே வந்தது. விடிந்தால் எதைச் சொல்வதென்று தெரியவில்லை. இரண்டு கிண்ணம் எடுத்து வைத்து, இரண்டையும் தானே குடித்து, ஒரு வருஷம் ஓடிவிட்டது.

வெயில் மதிலைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. பைன் கொத்தை எடுத்தார். நிலையின் இடது பக்கம் தெளித்தார். வலது பக்கம் தெளித்தார். மதிலில், முற்றத்தில், சோயா விழுது ஊறுகிற ஜாடிகள் நிற்கிற மேடையில் தெளித்துக்கொண்டே உள்ளே போனார். வெள்ளைச் சுவரில் சிவப்பு வழிந்து இறங்கியது. சமையலறை வாசலுக்கு வந்ததும் கால் நகரவில்லை.

"ஒக்புன்," என்றார். "நான் தெளிக்கப்போறேன்."

அவள் வெளியே போவதற்கு நேரம் கொடுப்பதுபோல ஓரமாக ஒதுங்கி வழிவிட்டு நின்றார். அடுப்பு மேலே பட்டாணி சூப் லேசாகக் கொதித்துக்கொண்டிருந்தது. அதன் மூடி அசையவே இல்லை. போதுமான நேரம் நின்றார். அதற்குமேலும் நின்றார். பிறகு கொத்தைப் பானையில் முக்கி, அடுப்புச் சுவரில் பலமாக வீசினார்.

"ஒக்புன்!" என்று மறுபடி கூப்பிட்டார். வாய்விட்டு, பஸ்ஸிலிருந்து இறங்கி வாசலில் நின்று கூப்பிடுகிற பழைய குரலில்.

பதில் இல்லை.

"தெளிச்சிட்டேன்ல," என்றார் மான்ஹோ. "அதான்."

சொல்லிவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து, அடக்கத்தன்றுகூட அழாத மனுஷர், கையில் இருந்த கொத்தைக் கீழே வைக்கவும் தோன்றாமல் அழுதார். மதிலுக்கு அந்தப் பக்கம் யோங்கு அம்மா தன் வாசலில் ஓங்கி ஓங்கித் தெளித்துக்கொண்டிருக்கிற சத்தம், இருட்டிய பிறகும் கேட்டுக்கொண்டிருந்தது.